அன்னாசி மாதிரி இருந்தது, சாப்பிட்டுட்டாங்க

கொஞ்சம் நீளமான இழை இது. டீ, காபி ஏதாவது கையில் வைத்துக்கொண்டு உட்காருங்க.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேஷுவாலிட்டி டியூட்டி. ஒரே தெருவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளை ஒரே ஆட்டோவில் அள்ளிப்போட்டுக் கொண்டு வந்தார்கள். மூவருக்கும் நிற்காத வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகை. பெரியவனுக்கு ஒன்பது வயது இருக்கும். "என்னடா தின்ன?" என்று கேட்டால் பதில் இல்லை. அவன் பாட்டி மடியை அவிழ்த்து நாலைந்து கறுப்பு விதைகளை என் மேஜையில் வைத்தார். காட்டாமணக்கு.

"ஏன்டா இதைத் தின்ன?" என்றேன். "வேர்க்கடலை மாதிரி இருந்துச்சு சார்" என்றான்.

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எந்த டாக்டருக்கும் இது புதிதில்லை. டிரிப்ஸ் போட்டு, நீரிழப்பைச் சரிசெய்து, எம்.எல்.சி பதிவு எழுதி, போலீசுக்குத் தகவல் அனுப்பி, ராத்திரி முழுக்கக் கண்காணித்து மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வீட்டுக்கு அனுப்புவோம். இந்த மூவரும் நல்லபடியாகவே போனார்கள். ஆனால் அந்த "மாதிரி இருந்துச்சு" மட்டும் எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. காரணம், இதே பதிலைச் சொல்லியிருக்க வேண்டிய இன்னொரு ஆளைப் பற்றி நான் படித்திருக்கிறேன். அவர் ஒன்பது வயதுப் பையன் இல்லை. கேம்பிரிட்ஜில் சட்டம் படித்த, அப்போது முப்பத்தொரு வயதான ராணுவத் தளபதி.

பெயர் யான் ஸ்மட்ஸ். காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்க்கையைப் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

வருடம் 1901. தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர்களுக்கும், போயர் எனப்படும் டச்சு வம்சாவளி விவசாயிகளுக்கும் போர். 1899-ல் தொடங்கிய போர் மூன்றாம் வருடத்தை எட்டிவிட்டது. பெரிய நகரங்கள் எல்லாம் ஆங்கிலேயர் கையில். போயர் வீரர்கள் குதிரைகளில் சிறு சிறு குழுக்களாகச் சுற்றி கெரில்லாப் போர் நடத்துகிறார்கள். ஆங்கிலேய ராணுவம் அவர்களுடைய பண்ணைகளைக் கொளுத்தி, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைக்கிறது. அந்த முகாம்களில் தட்டம்மையிலும் வயிற்றுப்போக்கிலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கறுப்பின மக்களுக்கென்று தனி முகாம்கள் இருந்தன. அங்கேயும் ஆயிரக்கணக்கில் சாவு. அந்தச் சாவுகளை ஒழுங்காகக் கணக்கெடுக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

அந்த செப்டம்பரில் ஸ்மட்ஸ் ஏறத்தாழ 250 பேருடன் ஆரஞ்சு நதியைக் கடந்து, ஆங்கிலேயர் வசமிருந்த கேப் காலனிக்குள் நுழைந்தார். பின்னாலேயே துரத்தும் படைகள். குளிர் மழை. சோறு தண்ணி இல்லாமல் குதிரைகள் விழுந்து சாகின்றன. போட்டிருந்த துணி கிழிந்து, தானிய மூட்டைச் சாக்கில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. செப்டம்பர் 17 அன்று எலாண்ட்ஸ் ஆற்றங்கரையில் ஒரு ஆங்கிலேயக் குதிரைப்படைப் பிரிவைத் தாக்கி, அவர்களிடமிருந்த குதிரை, துப்பாக்கி, உணவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். அதனால் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு தெற்கே சூர்பெர்க் மலைக்குள் போனபோது மறுபடியும் பசி.

இன்றைக்கு அந்த மலையின் ஒரு பகுதி அடோ யானைகள் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கேதான் அந்தக் 'காய்' அவர்கள் கண்ணில் பட்டது. பனை மாதிரி ஓலை விரித்த, குட்டையான செடி. அதன் நடு உச்சியில் மஞ்சள் நிறத்தில், செதில் செதிலாக, பெரிய அன்னாசிப்பழம் உட்கார்ந்திருப்பது போல ஒன்று. அந்தக் குழுவில் இருந்த 19 வயது இளைஞர் டெனிஸ் ரெய்ட்ஸ், பிற்பாடு 'கமாண்டோ' என்ற தன் புத்தகத்தில் (1929-ல் வந்தது) இந்தச் சம்பவத்தை எழுதியிருக்கிறார். பெரிய அன்னாசி போன்ற தோற்றம் என்றுதான் அவரும் சொல்கிறார்.

உடைத்தால் உள்ளே சிவந்த தோல் போர்த்திய பெரிய பெரிய கொட்டைகள். பசித்தவன் என்ன செய்வான்? தின்றார்கள்.

சில மணி நேரத்தில் குழுவில் பாதிப் பேர் தரையில் உருண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறார்கள். எல்லாரையும் விட மோசமான நிலையில் கிடந்தவர் ஸ்மட்ஸ். சரியாக அந்த நேரம் பார்த்து ஆங்கிலேயப் படை நெருங்கி வருகிறது! தளபதிக்கே நினைவு சரியில்லை. அடுத்த நிலையில் இருந்தவர்கள் பொறுப்பெடுத்து, உட்காரக்கூட முடியாதவர்களைக் குதிரை மேல் ஏற்றி, விழாமல் கட்டி, மலைக்குள்ளேயே இன்னும் ஆழமாக இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஒரு டாக்டராக இந்த இடத்தை யோசித்துப் பார்க்கிறேன். நரம்பில் ஏற்ற டிரிப்ஸ் இல்லை. வாந்தியை நிறுத்த ஊசி இல்லை. கை நிறையத் தண்ணீர் குடிக்கலாம் என்றால் உள்ளே நிற்காது. ஓடும் குதிரை மேல் கட்டப்பட்ட, நீர்ச்சத்து வற்றிப்போன ஒரு பேஷன்ட். ஸ்மட்ஸ் பிழைத்தார். வயதும் உடல்வலுவும் கைகொடுத்தன, தின்ற அளவும் கொல்லும் அளவாக இல்லை. அவ்வளவுதான்.

சரி, அந்தக் 'காய்' என்ன?

அது காயே இல்லை, பழமும் இல்லை. சைகஸ் குடும்பம் என்று பள்ளியில் தாவரவியல் எடுத்தவர்களுக்கு ஞாபகம் வரும். பூக்காத தாவரம். டைனோசர்கள் நடமாடுவதற்கு முன்பே இந்த வம்சம் பூமியில் வந்துவிட்டது. பூ இல்லாததால் பழமும் கிடையாது. விதைகளைச் செதில்களுக்கு இடையே அடுக்கி வைத்திருக்கும் கூம்புதான் உண்டு. சூர்பெர்க்கில் இருந்தது என்செஃபலார்டாஸ் என்ற இனம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தில் 'பைன் ஆப்பிள்' என்ற சொல் முதலில் பைன் மரத்தின் கூம்பைத்தான் குறித்தது. தென்னமெரிக்காவிலிருந்து அன்னாசி வந்தபோது, 'அட, பைன் கூம்பு மாதிரி இருக்கே' என்று அந்தப் பெயரை அதற்கு வைத்தார்கள். நாம் சொல்கிற அன்னாசி, தென்னமெரிக்கப் பழங்குடிச் சொல்லான 'நானா'விலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. ஆக, கூம்பைப் பார்த்துப் பழத்துக்குப் பெயர் வைத்தார்கள். பிறகு அந்தப் பழம் மாதிரி இருக்கிறதே என்று இன்னொரு கூம்பைத் தின்று விழுந்தார்கள்.

அன்னாசி மாதிரி தோன்றும் எல்லாமும் விஷம் என்று நினைக்க வேண்டாம். நம் கடற்கரைத் தாழை காய்க்கும்போது அச்சு அசலாக அன்னாசிதான். அதே குடும்பத்து மரத்தின் பழத்தை நிக்கோபார் மக்கள் அவித்து, அரைத்து முக்கிய உணவாகவே சாப்பிடுகிறார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்போது விஷத்துக்கு வருவோம். இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்க.

சைகஸ் விதைகளில் சைகாசின் என்று ஒரு பொருள் இருக்கிறது. இதன் ஒரு முனையில் சர்க்கரை மூலக்கூறு ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஒட்டியிருக்கும் வரை பெரிய தொந்தரவு இல்லை. நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரைக்கு ஆசைப்பட்டு அதைப் பிய்த்துத் தின்றுவிடும். மிச்சம் இருப்பதுதான் விஷம். நேராகக் கல்லீரலைத் தாக்கும். 1960-களில் எலிகளை வைத்து ஆராய்ந்தபோது, இதைத் தின்ற எலிகளுக்குக் கல்லீரல், சிறுநீரகம், குடல் என்று புற்றுநோய்க் கட்டிகள் வந்தன. ஆனால் குடலில் கிருமியே இல்லாமல் தனியாக வளர்த்த எலிகளுக்கு அதே சைகாசினைக் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. பூட்டிய பெட்டியில் விஷம், சாவி நம் குடலில். தின்ற உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்து வாந்தி தொடங்குவதற்கும் இது ஒரு காரணம். எதிர்மருந்து இன்றைக்கும் கிடையாது. நீர்ச்சத்தைக் காப்பாற்றி, கல்லீரலைக் கண்காணிப்பதுதான் சிகிச்சை.

என்செஃபலார்டாஸ் என்ற பெயரைப் பிரித்தால் கிரேக்கத்தில் 'தலைக்குள் ரொட்டி' என்று வரும். விஷச் செடிக்கு ரொட்டி என்று யாராவது பெயர் வைப்பார்களா? வைத்தார்கள், ஏனென்றால் அந்த மண்ணின் மக்கள் அதிலிருந்து உண்மையிலேயே ரொட்டி செய்தார்கள். 1770-களில் கேப் பகுதியைச் சுற்றிய ஸ்வீடன் நாட்டு மருத்துவர் கார்ல் பீட்டர் துன்பெர்க் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். தண்டின் சோற்றை எடுத்து, தோலில் சுற்றி, மண்ணில் பல வாரம் புதைத்து வைத்து, அது புளித்து மக்கியதும் எடுத்துப் பிசைந்து, தணலில் சுடுவார்கள். விதையின் உட்பருப்பு அவர்களுடைய சமையலில் சேர்த்தியே இல்லை.

போயர்கள் அந்த நிலத்தில் இருநூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர்கள். அந்தச் செடிக்கு அவர்கள் மொழியில் 'பிரோட்பூம்', அதாவது ரொட்டி மரம் என்றே பெயர். பெயரை அந்த மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், செய்முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த மக்களை வேலைக்காரர்களாக மட்டுமே பார்த்தவர்களுக்கு அவர்களிடம் போய்ச் சமையல் கேட்கத் தோன்றியிருக்காது. இது என் கருத்து.

இதே தவறை இன்னும் பெரிய ஆட்களும் செய்திருக்கிறார்கள். 1697-ல் டச்சுக் கப்பல் தலைவன் வில்லெம் டி ஃபிளாமிங்கின் ஆட்கள், மேற்கு ஆஸ்திரேலியாவில் இறங்கி சைகஸ் வகை விதைகளைத் தின்று வாந்தி எடுத்துக் கிடந்தார்கள். 1770-ல் கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பல் பவளப்பாறையில் மோதி, பழுது பார்க்க வடகிழக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு ஆற்றங்கரையில் ஒதுங்கியது. அணைந்துபோன அடுப்புகளுக்குப் பக்கத்தில் இந்த விதைகளின் ஓடுகள் குவிந்து கிடப்பதைக் கப்பல் ஆட்கள் பார்த்தார்கள். உள்ளூர் மக்கள் தின்கிறார்கள் என்றால் நாமும் தின்னலாம்தானே? தின்றார்கள். மேலும் கீழும் போனது. கப்பலில் இருந்த பன்றிகளுக்கும் போட்டுப் பார்த்தார்கள், சில பன்றிகள் செத்தே போயின.

அந்த அடுப்பங்கரையில் ஓடு மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதற்கு முன்னால் அந்தப் பெண்கள் விதையை உடைத்து, ஓடும் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு அலசிய வேலைக்கு அடையாளம் எதுவும் அங்கே இல்லை.

அந்தக் கப்பலில் தாவரவியலாளராக வந்தவர் ஜோசப் பாங்க்ஸ். பிற்பாடு லண்டன் கியூ தோட்டத்தின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அவர் அனுப்பிய பிரான்சிஸ் மாசன் என்பவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1775-ல் ஒரு என்செஃபலார்டாஸ் செடியைக் கொண்டுவந்தார். ஸ்மட்ஸை வீழ்த்திய அதே இனம். உலகிலேயே மிகப் பழைய தொட்டிச் செடி என்று சொல்லி அதை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். இத்தனை காலத்தில் ஒரே ஒரு முறைதான் அது கூம்பு விட்டது, 1819-ல். வயதாகி, கீல்வாதத்தால் நடக்க முடியாமல் இருந்த பாங்க்ஸ் அதைப் பார்க்க வந்தார். மறு வருடம் இறந்துபோனார். எண்டெவர் பன்றிகள் அவருக்கு ஞாபகம் வந்திருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு.

நம் பக்கம் வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதன் பங்காளி ஒருவர் இருக்கிறார், சைகஸ் சிர்சினாலிஸ். மலபாரில் 'ஈந்து' என்பார்கள். கோழிக்கோடு பக்கம் ஈந்து மாவில் பிடி செய்து இறைச்சியோடு சாப்பிடுவது பேர்போன விருந்து. ஆனால் அந்த மாவு நேராக வருவதில்லை. கொட்டையைப் பிளந்து, நன்றாகக் காயவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, மறுபடி காயவைத்து அரைக்க வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர்களுக்குச் சைகாசின் என்ற பெயர் தெரிய வேண்டிய அவசியமில்லை. அது தண்ணீரில் கரையும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் இதன் ஆண் கூம்புக்கு 'மதனகாமப்பூ' என்று பெயர். அன்னாசியை இழுத்து நீட்டியது போல இருக்கும். என்ன விஷயத்துக்கு விற்கிறார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. நான் சித்த மருத்துவத்தைக் குறை சொல்ல வரவில்லை. படித்த சித்த மருத்துவர் சுத்தி முறை தெரிந்து கொடுப்பது வேறு, யூடியூப் பார்த்துவிட்டு பொடி பாக்கெட் வாங்கி ராத்திரி பாலில் கலக்கிக் குடிப்பது வேறு. இரண்டாவது ரகம் பண்ணாதீங்க. இன்னொரு சேதாரமும் உண்டு. இதில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் கூம்பை வெட்டிக்கொண்டே இருந்தால் மகரந்தம் எங்கிருந்து வரும், விதை எப்படிப் பிடிக்கும்? இந்த இனம் இப்போது அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது.

வாந்தியோடு முடிந்தால் பரவாயில்லை. குவாம் தீவு என்று பசிபிக்கில் ஒரு அமெரிக்க ஆட்சிப்பகுதி உண்டு. அங்குள்ள சமோரோ மக்களும் சைகஸ் விதையை ஊறவைத்து, 'ஃபடாங்' என்ற மாவாக்கிச் சாப்பிட்டவர்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் தீவைப் பிடித்தபோது அரிசி இல்லாமல் இந்த மாவை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நிறைய. போருக்குப் பிறகு அங்கே போன மருத்துவர்கள் அதிர்ந்தார்கள். தசைகள் சுருங்கி, கை கால் செயலிழந்து, கடைசியில் மூச்சுவிட முடியாமல் சாகும் ஏ.எல்.எஸ் நோய், உலகின் மற்ற இடங்களைவிட 50 முதல் 100 மடங்கு அதிகம். சிலருக்கு அதோடு நடுக்குவாதமும் மறதியும். ஒரே வீட்டில் அப்பா, அத்தை, அண்ணன் என்று வரிசையாக.

1950-களில் மார்ஜரி வைட்டிங் என்ற ஊட்டச்சத்து நிபுணர் அந்த மக்களோடு தங்கி, அவர்கள் சமைப்பதைப் பார்த்து, சைகஸ் மாவின் மேல் சந்தேகத்தைத் திருப்பினார். அங்கிருந்து தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை. 1967-ல் விதையிலிருந்து பி.எம்.ஏ.ஏ என்ற நரம்பு நச்சைப் பிரித்தெடுத்தார்கள். 1987-ல் குரங்குகளுக்கு அதைக் கொடுத்து நரம்பு பாதிப்பைக் காட்டினார்கள். நன்றாக அலசிய மாவில் அது மிகக் குறைவாகத்தானே இருக்கிறது என்று மறுத்தார்கள். 2002-ல், விதையைத் தின்னும் வவ்வாலை மக்கள் தின்றதால் நச்சு செறிந்து வந்திருக்கலாம் என்றார்கள் பால் காக்ஸும் ஆலிவர் சாக்ஸும். அதற்கும் மறுப்பு வந்தது. இதற்கிடையில் அந்த நோயே மெல்ல மெல்லக் குறைந்துவிட்டது. கடைகளில் அரிசியும் கோதுமையும் வந்தன, பழைய உணவு போனது. காரணம் உறுதியாகும் முன்பே நோயாளிகள் தீர்ந்துகொண்டிருக்கும் நோய் அது. ஒரு மருத்துவனுக்கு இதைவிட உறுத்தலான விஷயம் இருக்க முடியாது.

ஸ்மட்ஸுக்கு வருகிறேன் என்றேனே.

அவர் பிழைத்தெழுந்து போரின் கடைசி வரை பிடிபடவில்லை. 1902 மே மாதம் சமாதானம் கையெழுத்தானபோது பேச்சுவார்த்தையில் இருந்தார். அடுத்த சில வருடங்களில் தென்னாப்பிரிக்க அரசின் பெரிய அமைச்சர். இந்தியர்கள் விரல் ரேகை பதித்த பத்திரம் வைத்திருக்க வேண்டும், தலைக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும் என்ற சட்டங்களை எதிர்த்து காந்தி நடத்திய போராட்டத்தில் எதிர்ப்பக்கம் நின்றவர் இவர்தான். 1913-ல் அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்த பதினாறு வயது தில்லையாடி வள்ளியம்மை, சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அந்த வருடமே ஸ்மட்ஸும் காந்தியும் உடன்பாட்டுக்கு வந்தார்கள், 3 பவுண்டு வரி ஒழிந்தது. சிறையில் தன் கையால் தைத்த செருப்பு ஒரு ஜோடியை காந்தி அவருக்குக் கொடுத்தார். பல வருடம் அதைப் போட்டு நடந்த ஸ்மட்ஸ், காந்தியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு 1939-ல் திருப்பி அனுப்பினார்.

இரண்டு முறை பிரதமராக இருந்தார். ஐ.நா. சாசனத்தின் முன்னுரையில் அவர் கை உண்டு. அதே ஆள் தன் நாட்டுக் கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை தர மனம் வராதவர். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இதில் ஒரு சின்னச் சங்கதி பாக்கி: பிற்காலத்தில் அவருக்குப் பெரிய பொழுதுபோக்கு தாவரவியல். குறிப்பாகப் புற்கள். மலையேறும்போது செடி செடியாகப் பேர் சொல்வாராம். ஒரு புல் இனத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கமெண்டில் வழக்கமாக வரும் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். "தெரியாத காயைப் பிள்ளை தின்னுட்டா என்ன பண்றது டாக்டர்?" உப்புத் தண்ணி கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாயில் மிச்சம் இருந்தால் துப்பச் சொல்லிக் கொப்பளிக்க விடுங்க. இப்போது நன்றாகத்தானே விளையாடுகிறான் என்று வீட்டிலேயே வைத்திருக்காதீங்க, சைகஸ் மாதிரி சிலது பல மணி நேரம் கழித்துத்தான் காட்டும். 108-க்கு அடிங்க, இல்லை பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாங்க. அந்தக் காய், இலை, விதை எது கிடைத்தாலும் கையோடு கொண்டு வாங்க. செடியைப் போட்டோ எடுத்தாலும் சரி.

அந்தப் பாட்டி செய்தது அதைத்தான். மடியில் அந்த நாலு விதை இல்லாமல் இருந்திருந்தால், பூச்சிமருந்தா, கெட்டுப்போன பலகாரமா என்று நாங்கள் பாதி ராத்திரி தேடிக்கொண்டு இருந்திருப்போம். டிஸ்சார்ஜ் அன்று அந்தம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வேலியில இருக்குற அந்தச் செடிய வெட்டிரலாங்களா டாக்டரு? ஆடு மேயாதுன்னு எங்க மாமனார் வச்சது."

வெட்டச் சொல்லவா, பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டிச் சொல்லி வளர்க்கச் சொல்லவா என்று எனக்கே ஒரு நிமிடம் குழப்பம். "முதல்ல பிள்ளைகளுக்குக் காட்டுங்கம்மா, அப்புறம் வெட்டுங்க" என்றேன்.